முடி சூட்டிய கைகள்

கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருந்தெருவில், பேராதனையைக் கடந்து கடுகண்ணாவைக்குப் போகும் வழியில் அமைந்துள்ளது பிலிமத்தலாவை. தெருவோரத்தில் பித்தளைக் குத்துவிளக்குகளும் தட்டங்களும் அடுக்கிய கடைகள் உள்ளன. பஸ்ஸில் செல்வோர் அவற்றைப் பார்த்தபடியே ஊரைக் கடந்து விடுகின்றனர். இந்த ஊரின் பெயர் ஒரு மனிதரின் பெயருமாகும். அந்த மனிதர் ஒரு காலத்தில் கண்டி இராச்சியத்தின் முடியையே கையில் வைத்திருந்தார். இதை நினைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. இவ்வூரில் வாழ்ந்து, அயலிலுள்ள பாடசாலையொன்றில் தமிழ் கற்பித்து வரும் நாமும் நெடுங்காலம் அதை நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு மாணவனின் கேள்விதான் எம்மை நினைக்க வைத்தது.

தோட்டத்திலிருந்து நடந்து வரும் பையன் அவன். கண்டியின் கடைசி மன்னரைப் பற்றிய பேச்சு வகுப்பில் எழுந்தபோது, சற்றுத் தயங்கி எழுந்து நின்று, "அந்த ராஜா நம்ம ஆளா சேர்? அவரு ரொம்பக் கொடுமைக்காரர்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டான். அவன் குரலில் சரித்திரம் அறியும் ஆவல் மட்டும் இருக்கவில்லை. ஒரு வெட்கமும் இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு மன்னரின் குற்றத்துக்குத் தானும் எங்கோ பொறுப்பாளி என்று எண்ணுபவனின் வெட்கம் அது.

அவனுக்குச் சொல்வதற்கு ஆயத்தமான பதில்கள் இரண்டு இருந்தன. "ஆம், அவர் அந்நியர், கொடியவர்; அதனாற்றான் இராச்சியம் அழிந்தது" என்பது ஒன்று. "அவர்தான் இலங்கையின் கடைசித் தமிழ் மன்னர், அவரைக் காட்டிக் கொடுத்தார்கள்" என்பது மற்றொன்று. முதலாவது பாடப்புத்தகங்களின் நிழலில் வளர்ந்தது. இரண்டாவது மேடைகளில் வளர்ந்தது. ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் ஒரே இடத்தில் நின்று பேசுகின்றன. இரண்டும் சிம்மாசனத்தில் இருந்தவரின் முகத்தை மட்டுமே பார்க்கின்றன. அவரை அங்கே உட்கார வைத்தவர் யார், எதற்காக உட்கார வைத்தார், அதனால் இலாபம் அடைந்தவர் யார், நட்டம் சுமந்தவர் யார் என்ற கேள்விகளை இரண்டுமே கேட்பதில்லை. நமது சரித்திர எழுத்திலும் இலக்கியத்திலும் வேரூன்றியுள்ள இந்தக் குறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1798ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கண்டி மன்னர் ஸ்ரீ இராஜாதி இராஜசிங்கர் வாரிசின்றி இறந்தார். இராச்சியத்தின் முதலமைச்சர் பதவியாகிய மகா அதிகாரத்தை அப்போது வகித்தவர் பிலிமத்தலாவை. இறந்த மன்னரின் மைத்துனரான முத்துசாமிக்கும் அரச உரிமை கோரிக்கை இருந்தது. ஆனால் பிலிமத்தலாவை தெரிந்தெடுத்தது பதினெட்டு வயது நிரம்பிய கண்ணசாமி என்னும் இளைஞரை. அவரே ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கர் என்ற பெயருடன் முடிசூடினார்.

முதலமைச்சர் ஏன் ஓர் இளைஞரை, அதுவும் நாயக்கர் குலத்தவரைத் தெரிந்தெடுத்தார்? கண்டிச் சிம்மாசனத்தில் நாயக்கர் அமர்வது அப்போது புதுமையன்று. 1739இல் வாரிசின்றி இறந்த சிங்கள மன்னர் நரேந்திரசிங்கரின் பட்டத்தரசி மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலப் பெண். அவளுடைய சகோதரரே அடுத்த மன்னரானார். அன்று தொடங்கிய மரபு அது. இம்மரபு பிரதானிகளுக்கு வசதியாகவும் இருந்தது. சிங்களப் பிரபுக் குடும்பங்களுள் ஒன்றின் தலைவர் அரசராவதை மற்றக் குடும்பங்கள் சகிக்கமாட்டா. வெளியிலிருந்து வந்தவருக்கோ நாட்டில் நிலமில்லை, ஊரில் உறவில்லை, திசாவைகளின் படைகளில் தன் ஆட்கள் இல்லை. அத்தகைய மன்னர் பிரதானிகளை நம்பித்தான் ஆள வேண்டும். அவர் வயதில் இளையவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை. கண்ணசாமியின் தகுதி அவருடைய பலமன்று, அவருடைய பலவீனமே. திரைக்குப் பின்னிருந்து ஆள நினைப்பவர் அரங்கிலே நிறுத்த விரும்புவது எப்போதும் வேரில்லாத மரத்தையே.

ஆனால் வேரில்லாத மரமும் நிலத்தைப் பற்றிக்கொள்ள முயலும். இளைய மன்னர் மெல்ல மெல்லத் தன் சொந்த அதிகாரத்தை நாடலானார். முடிசூட்டிய கைக்கு அது பொறுக்கவில்லை. கரையோரத்தை ஆண்ட ஆங்கிலேயரின் தேசாதிபதி பிரடெரிக் நோர்த்துடன் பிலிமத்தலாவை 1799இலேயே இரகசியப் பேச்சில் ஈடுபட்டார். தான் உயர்த்திய மன்னரை அகற்றுவதற்கு உதவி கேட்பதே அப்பேச்சின் சாரம். மன்னரைக் கொல்லும் யோசனைக்கு நோர்த் உடன்படவில்லை. ஆனால் பேச்சை நிறுத்தவுமில்லை. கண்டிக்குள் ஆங்கிலப் படையை நுழைப்பதற்கு வழி தேடி, 1800இல் ஜெனரல் மக்டோவலைப் பெரும் பரிவாரத்துடன் தூதனுப்பினார். அத்தூது பயன் தரவில்லை.

1803இல் ஆங்கிலேயப் பிரசைகளான வியாபாரிகளிடம் கண்டியர் பாக்கைப் பறித்தனர் என்ற தகராறு போருக்குக் காரணமாக்கப்பட்டது. ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. முன்பு ஒதுக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்திருந்த முத்துசாமிக்கு அங்கே முடிசூட்டினார்கள். அதன் பின்னர், முத்துசாமியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டு ஆட்சியைப் பிலிமத்தலாவையிடம் கொடுப்பது என்று மற்றோர் ஏற்பாடும் பேசப்பட்டது. ஆக, ஒரே சிம்மாசனத்துக்கு ஒரே சமயத்தில் மூன்று பேர். மக்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 24ஆம் திகதி, நோயினால் நலிந்திருந்த ஆங்கிலக் காவற்படை மேஜர் டேவியின் தலைமையில் சரணடைந்தது. பின்னர் மகாவலிக் கரையிலே கொன்று குவிக்கப்பட்டது. முத்துசாமி கண்டியரிடம் ஒப்படைக்கப்பட்டு மரண தண்டனைக்குள்ளானார். இரண்டு முறை இரண்டு தரப்பின் கையில் பொம்மையாயிருந்த அந்த மனிதருக்குக் கண்டியின் சரித்திரத்தில் ஒரு பத்திகூட முழுதாகக் கிடைப்பதில்லை.

முடிசூட்டிய கைக்கு என்ன நேர்ந்தது? மன்னரைக் கொல்லச் சதி செய்தார் என்ற குற்றத்துக்காகப் பிலிமத்தலாவை 1811இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் மகா அதிகாரப் பதவிக்கு வந்தவர் எஹெலெப்பொலை. ஆள் மாறியும் ஆட்டம் மாறவில்லை. எஹெலெப்பொலையும் கொழும்புடன் இரகசியக் கடிதத் தொடர்பு கொண்டார். 1814இல் சப்பிரகமுவையில் கிளர்ந்து, தோற்று, ஆங்கிலேயரின் எல்லைக்குள் ஓடினார். பிணையாக மன்னரிடம் அகப்பட்டிருந்த அவருடைய மனைவியும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். அது மன்னிக்க முடியாத கொடுமை. இக்கட்டுரை அதை மூடி மறைப்பதற்காக எழுதப்படவில்லை. கண்டி நகரின் அழகென்று நாம் போற்றும் ஏரியும் இம்மன்னர் காலத்தில் குடிகளின் கட்டாய ஊழியத்தில் வெட்டப்பட்டதே. மன்னர் நல்லவர் என்று நிறுவுவது நமது வேலையன்று. அவருடைய கொடுமை யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பதே நமது வேலை.

விடை 1815 மார்ச் 2ஆம் திகதி கையெழுத்தான கண்டி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மன்னர் தம் கடமைகளை மீறிக் கொடுமை புரிந்ததால் அரசுரிமையை இழந்துவிட்டார் என்று அது கூறுகிறது. அவருடைய ஆண் உறவினர் இராச்சியத்தின் பகைவர் என்கிறது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆடவர் திரும்பி வரலாகாது என்றும் விதிக்கிறது. 'மலபார்' என்று அக்கால ஆங்கிலேயர் குறித்தது தமிழரையே. அதே ஒப்பந்தம் அதிகாரங்கள், திசாவைகள் முதலிய பிரதானிகளின் பதவியுரிமைகளும் சலுகைகளும் காக்கப்படும் என்று உறுதி கூறுகிறது. கொடுமையின் பெயரால் முடி பறிக்கப்பட்டது. இனத்தின் பெயரால் மக்கள் விலக்கப்பட்டனர். பிரதானிகளின் பிடி மட்டும் பத்திரமாயிற்று. ஒப்பமிட்ட பிரதானிகளின் வரிசையில் பிலிமத்தலாவை என்ற பெயரும் இருக்கிறது. சிரச்சேதம் செய்யப்பட்டவரின் மகனுடைய பெயர் அது.

ஆனால் பிடி பத்திரமாக இருக்கும் என்று நம்பியவர்களும் ஏமாந்தனர். திரைக்குப் பின்னால் வேறொரு திரை இருந்ததை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அத்திரையின் பின்னே இருந்தவர் ஜோன் டொய்லி என்னும் சிவில் உத்தியோகத்தர். சிங்களத்தை நன்கு கற்றவர். கண்டிக்குள் ஒற்றர்களை அனுப்பி, பிரதானிகளின் மனக்குறைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு, ஓலைகளுக்குப் பதில் ஓலை அனுப்பி, படையெடுப்புக்கு முன்பே இராச்சியத்தை உள்ளிருந்து கலைத்தவர் அவர். அன்றாடம் வந்து சேர்ந்த செய்திகளை அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு பிற்காலத்தில் அச்சேறியிருக்கிறது. பிரதானிகள் மன்னரைப் பொம்மையாக எண்ணினர். கொழும்பு பிரதானிகளைப் பொம்மையாக எண்ணியது. முடியை எதிர்பார்த்திருந்த எஹெலெப்பொலைக்கு முடி கிடைக்கவில்லை. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் பிரதானிகளின் அதிகாரங்கள் வெட்டிக் குறைக்கப்பட்டன. இளைய பிலிமத்தலாவை மொரீசியஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். பின்னர் எஹெலெப்பொலையும் அங்கேயே அனுப்பப்பட்டு 1829இல் இறந்தார். வேலூரில் சிறையிருந்த மன்னர் 1832இல் இறந்தார். மன்னரும் மன்னரை ஆக்கியவரும் மன்னரை அழித்தவரும் எல்லோரும் தோற்றனர். கொழும்பு மட்டுமே வென்றது.

இது கண்டியில் மட்டும் நிகழ்ந்த அதிசயமா? இல்லை. யப்பானியர் இத்தகைய மனிதரைக் குறிக்க ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: குரோமாக்கு. 'கருந்திரை' என்பது அதன் பொருள். கபுக்கி நாடக அரங்கிலே தொங்கும் கறுப்புத் திரையிலிருந்து அச்சொல் அரசியலுக்கு வந்தது. அரங்கில் தோன்றாமல், திரைக்குப் பின்னிருந்து நாடகத்தை நடத்துபவரே குரோமாக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய யப்பானில் இப்பெயருக்கு மிகப் பொருத்தமாக வாழ்ந்தவர் கொடாமா யோஷியோ. போர்க்காலத்தில் சீனாவிலே யப்பானியக் கடற்படைக்குப் பொருள் சேகரித்துக் கொடுத்துப் பெருஞ்செல்வம் திரட்டினார். போர் முடிந்தபின் முதல்தர யுத்தக் குற்றவாளி என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டு, 1948இல் வழக்கின்றி விடுதலையானார். பழமைவாதக் கட்சியின் பிறப்புக்கே அவருடைய செல்வம் பயன்பட்டது. அவர் எந்தத் தேர்தலிலும் வென்று மந்திரியானவரல்லர். ஆனால் மந்திரிகள் அவரைத் தேடிச் சென்றனர்.

1976இல் அமெரிக்கச் செனட் சபையின் விசாரணையொன்றில் திரை சற்றே விலகியது. லொக்ஹீட் என்னும் அமெரிக்க விமானக் கம்பனி தன் விமானங்களை விற்பதற்காக யப்பானில் இரகசியமாகப் பணம் கொடுத்தது என்பதும், கொடாமா அக்கம்பனியின் இரகசிய முகவராக இருந்தார் என்பதும் வெளிவந்தன. முன்னாட் பிரதமர் தனாக்கா காக்குவேய் அவ்வாண்டே கைதானார். ஐம்பது கோடி யென் இலஞ்சம் பெற்றதாக 1983இல் தண்டனை விதிக்கப்பட்டார். அதைவிட நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வழக்கு நடந்த ஆண்டுகளிலும் ஆளுங்கட்சியின் மிகப் பெரிய கோஷ்டி தனாக்காவின் கோஷ்டியாகவே இருந்தது. பிரதமர் பதவிக்கு யார் வருவது என்பதை, பதவியில் இல்லாத அந்தக் குற்றவாளியே பெரிதும் தீர்மானித்தார். அவரை 'இருட்டின் ஷோகன்' என்று பத்திரிகைகள் அழைத்தன. கொடாமா தீர்ப்பைக் காணாமலே 1984இல் இறந்தார்.

கண்டியையும் டோக்கியோவையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒற்றுமைகள் தெளிவாகின்றன. பிலிமத்தலாவையின் பின்னே கொழும்பு இருந்தது. கொடாமாவின் பின்னே ஓர் அந்நியக் கம்பனி இருந்தது. உள்நாட்டுக் கை வெளிநாட்டுக் கையைப் பற்றியிருந்தது. ஒன்று நிலமானிய முடியாட்சி, மற்றது தேர்தல் நடைபெறும் ஜனநாயகம். எனினும் இரண்டிலும் முடிவெடுக்கும் இடம் வேறு, முடிவு அறிவிக்கப்படும் இடம் வேறு. இந்த இடைவெளியிலேதான் தரகர்கள் பிறக்கிறார்கள். ஆகவே தரகர் ஒருவரின் சாமர்த்தியத்தை வியந்தும் வஞ்சகத்தை வைதும் எழுதுவதால் பயனில்லை. ஒருவர் சிரச்சேதமானால் அடுத்தவர் அதே ஆசனத்துக்கு வருவார். மாற வேண்டியது அந்த ஆசனத்தை வேண்டி நிற்கும் அமைப்பே.

இதற்கு நமது சொந்த நாட்டின் அண்மைக் காலமும் சாட்சி சொல்கிறது. 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் வெற்றிக்காக உழைத்தவர்களுள் முன்னணியில் நின்றவர் களனி ரஜமகா விகாரையின் தலைமைப் பிக்கு மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரர். வெற்றிக்குப் பின் அந்த உழைப்புக்கு விலை கேட்கப்பட்டது. அரசாங்க ஒப்பந்தங்களை அவரும் அவருடைய வியாபாரக் கூட்டாளியும் எதிர்பார்த்தனர், எதிர்பார்த்தவாறு கிடைக்கவில்லை. 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி பிரதமர் தம் இல்லத்தில் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். சுட்டவர் தல்துவே சோமராம என்னும் பிக்கு. சதி செய்தவர்கள் என்று தேரரும் கூட்டாளியும் 1961இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டு, மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அடுத்து நடந்ததை ஒவ்வொரு வாசகரும் சிந்திக்க வேண்டும். இடைநிறுத்தப்பட்டிருந்த மரண தண்டனையைக் கொலைக்குப் பின் மீண்டும் கொண்டுவந்த சட்டம், முன்பே நிகழ்ந்த கொலைக் குற்றத்துக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டிருந்தது. ஆனால் கொலைக்குச் சதி செய்த குற்றத்துக்கு அது பொருந்தாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. தேரரின் தண்டனையும் கூட்டாளியின் தண்டனையும் ஆயுட்சிறையாகக் குறைந்தன. துப்பாக்கி பிடித்த சோமராம 1962 ஜூலை 6ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். நீதிமன்றம் சட்டத்தின் எழுத்தைச் சரியாகவே வாசித்தது. ஆனால் சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் கொலை என்றதும் தோன்றியது சுட்ட கை மட்டுமே. ஏவிய கைக்கான சொல்லை எழுத அவர்கள் மறந்தனர். நமது பாடப்புத்தகங்களும் காவியங்களும் திரைப்படங்களும் செய்கிற தவறும் இதுதான்.

இலக்கியத்தின் பக்கம் திரும்புவோம். 1815ஐ ஒட்டி எழுந்த 'வடிக ஹட்டன', 'கிரல சந்தேசய' என்னும் சிங்களக் கவிதை நூல்கள் எஹெலெப்பொலையைப் புகழ்கின்றன, மன்னரை இழித்துரைக்கின்றன. முதல் நூலின் பெயரிலேயே 'வடுகர்' என்ற இனப்பெயர் இருக்கிறது. ஒரு பிரபு குடும்பத்தின் அதிகாரப் போர், கவிதையில் இனப் போராக மாறிவிடுகிறது. எஹெலெப்பொலைக் குமாரிகாமியின் துயரம் நாடகமாகவும் திரைப்படமாகவும் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீரை வரவழைத்திருக்கிறது. அக்கண்ணீர் உண்மையானது. ஆனால் கணவர் எழுதிய இரகசிய ஓலைகளை அக்கண்ணீர் அழித்துவிடுகிறது. தாயும் மக்களும் இறந்த இடத்தில் இரண்டு பேரின் பேராசை மோதியது. கதையோ ஒருவரை அரக்கனாகவும் மற்றவரைத் தியாகியாகவும் பிரித்துக் கொடுக்கிறது.

சிங்கள அறிவுலகில் இதை மறுபரிசீலனை செய்தவர்கள் உண்டு என்பதை நாம் நன்றியுடன் சொல்ல வேண்டும். மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர 2017இல் வெளியிட்ட ஆங்கில நூல், ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கரைப் பற்றிய கொடுங்கோலன் சித்திரம் எவ்வாறு ஆங்கிலேய உத்தியோகத்தராலும் ஒற்றராலும் வளர்க்கப்பட்டது என்பதை விரிவாக ஆராய்கிறது. தன் சமூகத்தின் நெடுநாளைய நம்பிக்கையை ஆதாரங்களுடன் எதிர்த்து நிற்கும் துணிவு அந்நூலுக்கு உண்டு. அத்தகைய துணிவு தமிழ்ப் பக்கத்திலும் வேண்டும். 'கடைசித் தமிழ் மன்னர்' என்று மேடையில் முழங்குவோர், நாயக்கர் ஆட்சியின் கீழ் இராஜகாரிய ஊழியம் செய்த சிங்களக் குடியானவனை ஒரு கணமும் நினைப்பதில்லை. மன்னரின் குலம் வடுகக் குலம் என்பதையும், அவருக்கும் இன்றைய தோட்டத் தொழிலாளிக்கும் இடையிலுள்ள தூரம் பிலிமத்தலாவைக்கும் சிங்களக் குடியானவனுக்கும் இடையிலிருந்த தூரத்துக்குக் குறைந்ததன்று என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. அரண்மனையில் இருந்தவர் நம் மொழியை அறிந்தவர் என்பதற்காக அரண்மனை நம்முடையதாகிவிடாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 'மறைந்த கை' என்ற சொல் ஆபத்தான சொல். ஆதாரமின்றி எங்கும் சதியைக் காண்பவன் திரையை விலக்குவதில்லை. மற்றொரு திரையைத் தொங்கவிடுகிறான். விலைவாசி ஏறினாலும், வேலை கிடைக்காவிட்டாலும், 'இன்ன சாதியாரின் சதி', 'இன்ன மதத்தாரின் சதி' என்று கூறி அப்பாவிகளின் கடைகளுக்குத் தீ வைத்த சரித்திரம் நம் நாட்டுக்கு உண்டு. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் திட்டமானவையாக இருக்க வேண்டும். எந்த ஓலை, எந்த ஒப்பந்தம், எந்தத் தொகை? யாருடைய நிலம், யாருடைய ஊழியம்? டொய்லியின் நாட்குறிப்பும் செனட் விசாரணையும் நீதிமன்றத் தீர்ப்பும் நமக்குக் கற்பிப்பது இதுவே: கருந்திரையை விலக்குவது வதந்தியன்று, ஆவணம்.

திரை இரண்டு வேலைகளைச் செய்கிறது. இழுக்கும் கையை மறைக்கிறது. வெறுப்பதற்கு ஒரு முகத்தைக் கொடுக்கிறது. கண்டியில் கொடுக்கப்பட்ட முகம் அந்நிய இனத்தின் முகமாக இருந்தது. அதன் விலையைச் செலுத்தியவர்கள் மன்னரோ மந்திரியோ அல்லர். 1815இல் 'மலபார்' ஆடவர் திரும்பி வரலாகாது என்று எழுதிய அதே அரசாங்கத்தின் நிழலில், 1820களில் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவிலும் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கோப்பிச் செய்கை தொடங்கிற்று. தோட்டங்கள் பெருகியபோது தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். அரசாட்சிக்கு ஆகாத இனம் கூலி வேலைக்கு ஆகியது! அவர்கள் வந்து காடு வெட்டி, கோப்பி நட்டு, பின் தேயிலை நட்டு, நான்கு தலைமுறை வாழ்ந்தபின் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது.

1964 அக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களும் டில்லியிலே அவர்களைப் பங்கிட்டனர். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. பத்தாண்டுகளுக்குப் பின் அந்த எச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. கணக்கு நேராயிருந்தது. ஆனால் அந்த எண்களுள் ஒருவராயிருந்த எவரிடமும் 'நீ எங்கே வாழ விரும்புகிறாய்?' என்று ஒப்பந்தத்துக்கு முன் கேட்கப்படவில்லை. எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைக் கேள்வி தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இது இரகசியச் சதியன்று, பகிரங்கமாகக் கையெழுத்தானது. ஆயினும் 1798இல் கண்டியில் நடந்ததற்கும் இதற்கும் ஒரு பொது அம்சம் உண்டு. யாருடைய வாழ்வு தீர்மானிக்கப்பட்டதோ அவர்கள் அறைக்கு வெளியே நின்றனர்.

நமது வகுப்பறையில் வெட்கத்துடன் கேள்வி கேட்ட சிறுவன், அறைக்கு வெளியே நின்றவர்களின் பேரன். அவனுக்கு நாம் சொன்ன பதில் நீண்டது. இங்கே சுருக்கித் தருகிறோம். "தம்பி, அந்த மன்னர் கொடுமை செய்தது உண்மை. அதற்கு நீ வெட்கப்பட வேண்டியதில்லை. அவர் முடிசூடியபோது உன்னுடைய ஆட்களிடமும் கேட்கவில்லை, உனக்குப் பக்கத்து ஊரிலிருக்கும் சிங்களப் பையனுடைய ஆட்களிடமும் கேட்கவில்லை. அவர்களெல்லாம் அன்று ஏரி வெட்டிக்கொண்டும், பாக்குச் சுமந்துகொண்டும் இருந்திருப்பார்கள். நாளைக்கு யாராவது உன்னிடம் ஒரு முகத்தைக் காட்டி, 'இவனைத்தான் வெறுக்க வேண்டும்' என்று சொன்னால், சொல்கிறவனின் கையைப் பார்."

அவன் சிறிது யோசித்தான். பிறகு, "அப்போ இந்த ஊருக்கு ஏன் சேர் அந்த மந்திரியோட பேரு? ஏரி வெட்டினவங்க பேருல ஒரு ஊரும் இல்லையே?" என்றான்.

இக்கேள்விக்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. சரித்திரம் எழுதுவோரும் கவிதை எழுதுவோரும் படம் எடுப்போரும் சேர்ந்து சொல்ல வேண்டிய பதில் அது. மந்திரிகளின் சாமர்த்தியத்தையும் மன்னர்களின் விதியையும் நாம் போதுமான அளவு பாடிவிட்டோம். ஏரி வெட்டியவனையும், பாக்குச் சுமந்தவனையும், கோப்பி நட்டவளையும் நடுவில் நிறுத்தி, அவர்களுடைய கண்களால் அந்த அரண்மனையைப் பார்க்கும் எழுத்து சிங்களத்திலும் தமிழிலும் பெருக வேண்டும். முடி சூட்டிய கைகளைப் பற்றி இனி நாம் எழுதுவதெல்லாம், முடியைச் சுமந்த தோள்களின் பக்கம் நின்று எழுதுவதாக இருக்கட்டும்.